புகையில்லாத கனல்

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. கேரளம் தனி மாநிலமாகி ஒரு வருஷம் கழிந்து வந்த தை மாதம். சித்தூர் தாலூகாவில், பெருமாட்டியை ஒட்டிய எங்கள் ஊரில், எங்கள் சொந்த வீட்டுக்குள் நடந்தது. இதை எழுத உட்கார்ந்து நாலு தடவை பாதியில் எழுந்து போய்விட்டேன். இன்று எப்படியாவது எழுதிவிடுவது என்று பேனாவை எடுத்திருக்கிறேன்.

எங்களுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல்வயலும் உண்டு. கணவர் விவசாயம் பார்க்கிறார். நான் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். எட்டாவது வரை படித்தவள். எங்களுக்கு ஒரே பெண். அவளை வண்டிப்பெரியாருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை உறவுக்காரப் பையன்தான், அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. குணத்தில் குறை சொல்ல முடியாது. தூரம்தான் பொல்லாதது. பொள்ளாச்சி வரை வில்வண்டி, அங்கிருந்து திண்டுக்கல்லுக்கு ரயில், அப்புறம் தேனி, கம்பம், குமுளி என்று பஸ் மாறி மாறி மலை ஏற வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவள் பிறந்த வீட்டுக்கு வந்தது ஒரே தடவை, அதுவும் நாலே நாள். அவள் போன பிறகு வீட்டில் எந்தப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாலும் எங்கள் இரண்டு பேருக்கு அது பெரிதாக இருந்தது.

மாதம் ஒரு கடிதம் வரும். ஒரு கடிதத்தில், இங்கே ஆறு மாதம் மழைதான், விறகு காய்வதே இல்லை, அடுப்பு மூட்டினால் புகையில் கண்ணைத் திறக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாள். அதே கடிதத்தில் ஆற்றில் வெள்ளம் போனது, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டது என்று சந்தோஷமாக எவ்வளவோ எழுதியிருந்தாள். எனக்கு மட்டும் அந்தக் கண் எரிச்சல்தான் மனதில் தங்கியது. நான் அடுப்பு ஊதும்போதெல்லாம் என் கண்ணில் நீர் வந்தால் அவளுக்கும் இப்போது வந்திருக்கும் என்று தோன்றும்.

ஆனி மாதம், அவள் உண்டாகியிருக்கும் செய்தி வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றே முடிவு செய்துவிட்டேன், பழைய சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டுவது, அதை ஒட்டிச் சாப்பாட்டுக்கென்றே ஓர் அறை எடுப்பது என்று. வாய்விட்டு யாரிடமும் சொல்லாத இன்னொரு எண்ணமும் இருந்தது. இந்த வீடு அவ்வளவு வசதியாக இருந்தால் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரையாவது அவள் இங்கேயே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

எங்கள் பழைய சமையலறை நாட்டு ஓடு வேய்ந்தது. சாணம் மெழுகிய தரை. மார்கழி பிறந்ததும் கிழக்கே கணவாய் வழியாக ஒரு காற்று வரும். திருவாதிரைக் காற்று என்பார்கள். மாசி வரை ஓயாது. பனை மரமெல்லாம் பகல் முழுக்கச் சலசலக்கும். செம்மண் புழுதியும் ஓட்டில் படிந்த கரியும் சோற்றுக்குள் உதிரும். பிள்ளை பெற்றவளையும் பச்சைக் குழந்தையையும் அந்தக் காற்றில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதனால் இந்தத் தடவை காற்று, தூசி, கரி, கறையான், எலி, எதுவும் நுழைய முடியாத வீடாக, எங்கள் காலத்துக்குப் பிறகும் அவளுக்கு நிற்கிற வீடாகக் கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

ஒவ்வொரு பொருளையும் நானே பார்த்துத்தான் வாங்கினேன். நின்றுகொண்டே சமைக்கும் மேடையைக் கோயம்புத்தூரில் ஓர் உறவினர் வீட்டில் பார்த்திருந்தேன். அதற்குக் கடப்பைக் கல் என்றார்கள். ஒரு துண்டை முதலில் வாங்கி வந்து, அதன் மேல் ஒரு பக்கம் புளிக்கரைசலும் இன்னொரு பக்கம் மஞ்சளும் எண்ணெயும் பூசி ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன். புளி பட்ட இடம் லேசாக வெளிறியது; ஆனால் கழுவி எண்ணெய் தடவியதும் தெரியவில்லை. அப்புறம்தான் சரி என்றேன். தரைக்குக் காவி கலந்த சிமென்ட். பூசிய பிறகு ஒரு வாரம் தண்ணீர் கட்டி நிறுத்தி, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கினோம். மேலே மங்களூர் ஓடு. அதற்குக் கீழே பலகை மச்சு. கதவு ஜன்னலுக்குப் பலா மரம். ஜன்னலுக்குக் கண்ணாடி.

சிமென்ட் அப்போது லேசில் கிடைக்காது. பர்மிட்டுக்காக என் கணவர் சித்தூருக்கு எத்தனையோ நடை நடந்தார். ஒரு நாள் வெயிலில் வந்து உட்கார்ந்தவர், "ஏம்புள்ள, பொறக்கப் போறது பேரனா, இல்ல திவானா?" என்று கேட்டார். சாப்பாட்டு அறைக்கு நான் மேஜை செய்யச் சொன்னதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "காலத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தின்னா சோறு முழங்காலுக்குத்தான் போகும். நீயும் உம்பொண்ணும் உக்காருங்க. எனக்குத் தரையே போதும்."

எனக்கும் வேண்டியது அதுதான். எங்கள் வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு பெண்கள் அடுப்படியில் குந்தி அள்ளிப் போட்டுக்கொள்வது வழக்கம். நானும் என் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து, நிதானமாகப் பேசிக்கொண்டு சாப்பிட வேண்டும். அதற்காகத்தான் அந்த அறை.

கொத்தனாரோடு ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு வாக்குவாதம் வந்தது. சாப்பாட்டு அறையின் பக்கச் சுவரில், மச்சுக்குச் சற்றுக் கீழே, அவர் ஒரு முழ அகலத்துக்குத் திறப்பு விட்டிருந்தார். அதை அடைக்கச் சொன்னேன்.

"அம்மணி, ஊடு மூச்சு உடோணுமுங்க. இல்லாட்டி மழைக்கு மச்சு வேர்த்துப் பலகை ஊறிப்போகுமுங்க."

"வேர்த்தா நான் தொடச்சுக்கறேன். நீங்க அடைச்சுப்போடுங்க."

"அடுப்படிக்காவது புகைபோக்கி உண்டுங்க. இந்த ரூமுக்கு ஒண்ணுமே இல்லீங்களே."

"இங்க அடுப்பே கெடையாதே. புகை எங்கிருந்துங்க வருது?"

அடைத்துவிட்டார். அது போதாதென்று கதவுகளின் அடிப்பக்கம் புழுதி வராமல் இருக்கப் பழைய ஜமுக்காளத்தைக் கிழித்து நானே ஆணி வைத்துத் தைத்தேன். கதவைச் சாத்தினால் உள்ளே ஒரு நூல் கூட அசையாது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐப்பசிக் கடைசியில் மகள் வந்தாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று துணைக்கு ஒரு அம்மாளை அனுப்பியிருந்தார். தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். முழங்கால் வலியால் பேர் வெட்டி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு என் மகள் வீட்டில் கூடமாட இருந்து வருகிறவர். ஐம்பது வயது இருக்கும். அவருடைய முன்னோர் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலைக்குப் போனவர்கள். பிரசவம் முடிந்து அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகும்வரை அவர் எங்கள் வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அவருடைய ஜாதிக்காரர்களை உள்ளே விடுவதில்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் தங்க வைத்தேன். சாப்பாடு பின்பக்கத்தில், வாழையிலையில். மகளுக்கு அது பிடிக்கவில்லை.

"அங்க எனக்குச் சோறு ஆக்கிப் போடறவங்க அவங்கதாம்மா. மசக்கையில ஒண்ணுமே எறங்காதப்போ கஞ்சி வெச்சு ஊட்டி உட்டாங்க," என்றாள்.

அவர் கையால் சாப்பிட்டாள் என்பது எனக்கு அதிர்ச்சி. அதைவிட, நான் ஊட்ட வேண்டிய கஞ்சியை யாரோ ஊட்டினார்களே என்ற வயிற்றெரிச்சல்தான் அதிகம். இதை அப்போது நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். இரண்டு பேரும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து எதையோ பேசிச் சிரிப்பார்கள். நான் போனதும் அந்த அம்மாள் எழுந்துவிடுவார். மகளின் சிரிப்பும் நின்றுவிடும். என்ன பேச்சு என்று கேட்டால், "சும்மாதாம்மா, தோட்டத்துக் கதை," என்பாள். அவளுக்கு என்னிடம் சொல்ல முடியாத கதைகள் வந்துவிட்டன என்று நினைத்து நினைத்து மனம் புழுங்கும்.

மார்கழியில் பேரன் பிறந்தான். சுகப்பிரசவம். ஒரு மாதம் தீட்டு. அதனால் அவளைத் தனியறையில் வைத்திருந்தோம். குழந்தை இரவெல்லாம் அழுவான். மகள் தூங்காமல் கறுத்து இளைத்துப் போனாள். முப்பதாம் நாள் வீடு கழுவி, இரண்டு பேரையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அவள் தனியறையில் இருந்தபோது வேலை முடிந்த புதுச் சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் முதல் முறையாக அழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. அந்த ஒரு நாளை நான் ஆறு மாதமாக மனதுக்குள் நடத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று காலையில் காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. குளிப்பாட்டிய உடனே இருவரையும் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுபோய்க் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்தேன். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன். எங்கள் பக்கத்தில் குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவதும், பெற்றவள் உடம்பு காயக் கட்டிலுக்கு அடியில் கனல் வைப்பதும் உண்டு. என் பிறந்த வீட்டில் என் அம்மா எனக்கும் அப்படித்தான் வைத்தாள். என் மகள் புகையால் பட்ட கஷ்டம் என் மனதில் இருந்ததல்லவா? அதனால் விறகுக் கங்கை எடுக்கவில்லை. கொட்டாங்கச்சிக் கரியை வெளியே வைத்துப் பற்ற வைத்து, புகை முழுக்க அடங்கி, சிவப்பாகக் கனன்ற பிறகே பெரிய இரும்புச் சட்டி நிறைய அள்ளி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தேன். ஒரு சிட்டிகை சாம்பிராணி மட்டும் தூவினேன். குழந்தையின் தலைமுடி காய்ந்தது. அறை முழுக்க இதமான சூடு. துளிப் புகை இல்லை.

"எப்படி இருக்குது கண்ணு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குதும்மா. தலைதான் கனமா இருக்குது. தூக்கம் தூக்கமா வருது."

எண்ணெய் தேய்த்துக் குளித்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது? அன்றைக்குப் பகலில் தூங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் ஒரு மாதமாகக் கண் மூடாத பெண்ணை எழுப்பி உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. "சித்த நேரம் தூங்கு சாமி, சோறு ஆனதும் எழுப்பறேன்," என்று சொல்லி, கனலில் இன்னும் இரண்டு கைப்பிடி கரியைப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். எனக்கும் தலை லேசாக வலித்தது. காலையிலிருந்து ஓடிய அலுப்பு என்று நினைத்தேன்.

பூண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை கதவை ஒரு விரல் அளவு திறந்து எட்டிப் பார்த்தேன். குழந்தை அழாமல் தூங்குகிறான். மகளின் கன்னம் இரண்டும் சிவந்து, கல்யாணத்தன்று இருந்த மாதிரி அவ்வளவு அழகாக இருந்தாள். ஒரு மாதமாகக் காணாத ரத்தக் களை வந்துவிட்டதே என்று எனக்குக் கண் கலங்கியது. என் வீடு என் மகளைத் தூங்க வைத்துவிட்டது என்று நினைத்தேன். கதவை மெதுவாகச் சாத்தி, கீழே ஜமுக்காளம் சரியாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

நாலு தடவையும் நான் எழுந்து போனது இந்த இடத்தில்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லைப்புறக் கதவில் அந்த அம்மாள் வந்து நின்றார். குழந்தையின் துணிகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தவர், போகிற போக்கில் சாப்பாட்டு அறையின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்திருக்கிறார்.

"எம்மா, பிள்ளை சத்தத்தையே காணோமே."

"தூங்கறான். நீ ஜன்னல்கிட்டப் போய் நிக்காதே."

"தூங்குத மாதிரி இல்லம்மா. தாயோட கையி தொவண்டு கீழ தொங்குது. ஒரு எட்டு உள்ள போயிப் பாருங்க."

"இப்பத்தான் பாத்துட்டு வந்தேன். ஒரு மாசத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் எம்பொண்ணு தூங்கறா. எழுப்பாதே."

அவர் போகவில்லை. வாசற்படிக்கு வெளியே, உள்ளே கால் வைக்காமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள தீ வச்சிருக்கியளா?"

"கனல்தான். துளிப் புகை கெடையாது," என்றேன், பெருமையாக.

அவ்வளவுதான். அவர் முகம் மாறியதை இப்போதும் பார்க்கிறேன். படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். புதுச் சமையலறைக்குள், அடுப்புக்கு முன்னால். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. சட்டுவத்தைப் போட்டுவிட்டு அவருடைய முந்தானையை எட்டிப் பிடித்து இழுத்தேன். பழைய சேலை. டர்ரென்று கிழிந்து ஒரு முழத் துணி என் கையோடு வந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவைத் தோளால் இடித்துத் திறந்தார்.

முதலில் கட்டிலுக்குப் போவார் என்று நினைத்தேன். இல்லை, ஜன்னலுக்கு ஓடினார். புது மரம், கொண்டி இறுகிப் போயிருந்தது. திறக்கவில்லை. மேஜை மேல் நான் துலக்கி வைத்திருந்த பித்தளைச் செம்பை எடுத்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று கண்ணாடிகள். அந்த நேரத்திலும் என் மனதில் முதலில் வந்தது, "ஐயோ, என் கண்ணாடி," என்பதுதான். என்னை நானே மன்னிக்க முடியாத விஷயங்களில் இதுவும் ஒன்று.

"தாயோட காலப் பிடிங்கம்மா! என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? வெளிய தூக்குங்க!"

மகளைத் தொட்டேன். தலை ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே தொங்கியது. பெயர் சொல்லிக் கத்தினேன். இமை கூட அசையவில்லை. அந்த அம்மாள் குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு இன்னொரு கையை மகளின் அக்குளில் கொடுத்துத் தூக்கினார். முழங்கால் வலிக்காரர். எப்படித் தூக்கினாரோ. நான் காலைப் பிடித்துக்கொண்டேன். சமையலறை வழியாக இழுத்துக்கொண்டு போய்க் கொல்லைப்புறத்து மண்ணில் போட்டோம்.

காற்று அடித்துக்கொண்டிருந்தது. என் பெண்ணின் முகத்தில் புழுதி படிந்தது. நான் துடைக்கப் போனேன். "தொடைக்காதிய, காத்து படட்டும்," என்று அதட்டினார். கொஞ்ச நேரத்தில் மகள் இருமினாள். ஒருக்களித்து வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "சோறு ஆயிடுச்சாம்மா?" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு கதறினேன்.

ஆனால் குழந்தை அசையவில்லை. அந்த அம்மாள் அவனைக் கையில் குப்புறக் கிடத்தி முதுகைத் தேய்த்தார். உள்ளங்காலைச் சுண்டினார். திருப்பி, வாயோடு வாய் வைத்து மெதுவாக ஊதினார். மறுபடி முதுகு, மறுபடி உள்ளங்கால். கிழக்கே திரும்பி உட்கார்ந்து அவன் முகத்தைக் காற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "வாங்கு ராசா, காத்த வாங்கு ராசா," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் குரலில் பதற்றமே இல்லை. எனக்கு அந்தக் குரல்தான் தாங்க முடியவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மகள் இன்னும் பாதி மயக்கத்தில் இருந்தாள். தன் பிள்ளை எங்கே என்று கேட்கக்கூடத் தெம்பில்லை. அவள் கேட்டால் என்ன சொல்வது என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னச் சத்தம். அப்புறம் ஒரு விக்கல். அப்புறம் வாய்விட்டு அழுதான். ஒரு மாதம் எங்களைத் தூங்கவிடாமல் அழுத அதே அழுகை. அந்த அம்மாள் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, கிழிந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

வயலிலிருந்து என் கணவர் ஓடி வந்தார். சித்தூரிலிருந்து டாக்டர் வந்து பார்த்தார். கரி கனலும்போது நிறமும் மணமும் இல்லாத ஒரு விஷ வாயு வரும், அடைத்த அறையில் அது சேர்ந்துகொண்டே போகும், கன்னம் சிவப்பது அதன் அடையாளம், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் தான் வந்திருக்கவே தேவை இருந்திருக்காது என்றார். புகைதான் எதிரி என்று நினைத்திருந்தேன். புகை இருந்திருந்தால் இருவரும் இருமியாவது எழுந்திருப்பார்கள்.

டாக்டர் போன பிறகு அந்த அம்மாளிடம், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எங்க லயத்துல ஒருவாட்டி நடந்துச்சும்மா. ஆடி மாசத்து மழை, குளிரு. பக்கத்து ஊட்டுல கரிச்சட்டிய உள்ள வச்சுக் கதவ அடச்சுட்டுப் படுத்தாவ. நாலு பேரு. காலையில பெரட்டுக்கு ஆளக் காணோமேன்னு கதவ ஒடச்சா, மொகமெல்லாம் செவந்து, தூங்குதாப்புலயே கெடக்காவ. இதே மாதிரிதான் கெடந்துச்சு ஒங்க பொண்ணும்." தோட்டக்காரர்களின் வரிசை வீடுகளைத்தான் அவர் லயம் என்றார்; வேலைக்கு ஆள் எடுக்கும் காலை நேரத்தைப் பெரட்டு என்றார்.

அன்று யாரும் அந்த அறைக்குள் போகத் துணியவில்லை. கொல்லைப்புறத்திலேயே இலை போட்டேன். மகளும் அந்த அம்மாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் பரிமாறிவிட்டு ஓரமாக நின்றேன். "நீயும் உக்காரும்மா," என்றாள் மகள். உட்கார்ந்தேன். காற்றில் சோற்றின் மேல் மண் விழுந்துகொண்டே இருந்தது. பல்லில் நறநறவென்றது. அப்படியே மூன்று பேரும் சாப்பிட்டோம். சாயங்காலம் என் கணவர் ஏணி வைத்து ஏறி, நான் அடைக்கச் சொன்ன இடத்தைக் கடப்பாரையால் இடித்துத் திறந்தார்.

மறுநாள் அந்த அம்மாளுக்கு ஒரு புதுச் சேலை கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். "கிழிச்சதுக்கா, பிள்ளையக் காப்பாத்துனதுக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். மகளும் சிரித்துவிட்டாள். என்னால் முடியவில்லை. "உள்ளே வந்து உட்காருங்க," என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். இரண்டொரு தடவை வந்தார். மற்ற நாட்களில், "இங்கனயே காத்தாட இருக்கும்மா," என்று சொல்லிவிடுவார். அவர் மனதில் வைத்துக்கொண்டு சொன்னாரா, உண்மையாகவே அது அவருக்குப் பிடித்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டு வேலையின் பலன் இப்படி முடிந்தது. ஆனால் அதற்கப்புறம் நான் செய்ததும் சரியில்லை. மகள் கண்ணை மூடினால் எனக்குப் பயம் வந்துவிடும். மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். குழந்தையைத் தொட்டு எழுப்பி அழ வைத்து, அழுகையைக் கேட்ட பிறகுதான் நிம்மதியாவேன். எந்தக் கதவையும் சாத்தவிட மாட்டேன். அவள் கன்னம் வெயிலில் சிவந்தால்கூட உலுக்கிவிடுவேன். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு வருஷம் இருப்பாள் என்று நான் நினைத்தவள், பங்குனி பிறந்ததும் புறப்படுகிறேன் என்றாள்.

"கோவமா கண்ணு?" என்று கேட்டேன்.

"கோவம் இல்லம்மா. நான் கண்ண மூடுனாலே நீ பயந்துக்கறே. உனக்காகவே நான் முழிச்சுக்கிட்டுக் கெடக்கறேன். அங்க போயி ஒரு நாள் நிம்மதியாத் தூங்கறேனே."

வில்வண்டியில் ஏற்றிவிட்டேன். அந்த அம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்திருந்தார். வண்டி பொள்ளாச்சிப் பாதைக்குத் திரும்பும்வரை பேரனின் சின்னக் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டிக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு மகள் வரவில்லை. கடிதம் மட்டும் வருகிறது. இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். இந்தப் பிரசவம் அங்கேயே, தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும், நீ வந்து இரும்மா என்று போன வாரம் எழுதியிருக்கிறாள். போகப் போகிறேன். அவள் வீட்டில் அவள் எனக்கு ஒதுக்கும் இடத்தில் இருப்பேன். யார் ஆக்கிப் போட்டாலும் சாப்பிடுவேன்.

அதுவரை நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். சில நாள் அவளைப் பார்க்காமல் நெஞ்சு வலிக்கிற மாதிரி இருக்கும். அப்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்வது இதுதான்: ஏங்குவதற்கு எனக்கு ஒரு மகள் இன்னும் இருக்கிறாள், அவளை எனக்கு மீட்டுக் கொடுத்தவர், உள்ளே வராதே என்று நான் முந்தானையைப் பிடித்து இழுத்த பிறகும் நிற்காமல் போனவர்.